மலை வாடை

போன ஆண்டு மாசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். மனைவி வழிச் சொந்தம். முதல் நாள் இரவு மண்டபத்து அறையில் பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து உதறினாள் மனைவி. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "குன்னூர்க்காரங்க வந்துட்டாங்களாட்ட இருக்குது. பெட்டி வாடை அடிக்குது பாரு" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அறையில் எல்லோரும் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் மறுநாள் முகூர்த்தத்துக்கு மனைவி கட்டியிருந்தது அந்தப் புடவை அல்ல, அவள் தங்கையிடம் வாங்கிக் கட்டிய வேறொன்று. திரும்பும்போது பஸ் பர்லியார் தாண்டி வளைந்து வளைந்து ஏறிக்கொண்டிருக்க, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம வீடுதான் சுத்தம்னு நாமதான் சொல்லிட்டுத் திரியறோம்."

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் எங்கள் வீடு சுத்தமான வீடு என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அதுவும் கடைச் சரக்கு கலக்காத சுத்தம். இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரலுக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளியலறையைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். தரையில் ப்ளீச்சிங் பவுடர் தூவியிருந்தேன். அது போதாதென்று கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் அதன் மேலேயே ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று பள்ளியில் படித்ததுதான். படித்தது மூக்குக்கு ஏறியது அன்றைக்குத்தான். கண் எரிய, நெஞ்சு அடைக்க, கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு ஓடிவந்து அரை மணி நேரம் இருமினேன். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன் அப்போது சின்னக் குழந்தை. அவனுக்கு ஏற்கெனவே வீசிங் தொல்லை. அன்று மாலையே மனைவி எல்லா பாட்டில்களையும் சாக்கில் கட்டி வெளியே வைத்துவிட்டாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள வாயில வைக்க முடியாத எதுவும் வேண்டாம்" என்றாள்.

அதை அப்படியே கடைப்பிடிக்க முடியவில்லை. பூந்திக்கொட்டையை யார் வாயில் வைப்பார்கள்? ஆனாலும் பெரும்பாலும் மாறினோம். துணிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய வெந்நீர். பாத்திரத்துக்கு, வெந்நீர் பாய்லரில் எரியும் சீகை (வாட்டில்) மர விறகின் சாம்பலும் தேங்காய் நாரும். விளக்குக்கும் பித்தளைக் குத்துப்போணிக்கும் புளி. தரை துடைக்கும் தண்ணீரில் ஒரு பிடி உப்பு, இரண்டு சொட்டு எலுமிச்சைப்புல் தைலம். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர் என்று மூன்று மாதம் புளிக்க வைக்கும், பயோ என்சைம் என்கிற துடைக்கும் திரவத்தையும் செய்தேன். முதல் ஒரு மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். பரீட்சை நேரத்தில் நான்கு நாள் மறந்தோம். ஸ்டோர் ரூமில் நள்ளிரவில் வெடித்த சத்தத்தில் கரடி வந்துவிட்டது என்று நினைத்தோம். குன்னூரில் அப்படி நினைப்பது அதிகப்படியான கற்பனை அல்ல.

இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டால், பெருமையடித்துக்கொண்டது நான், செய்தது பெரும்பாலும் அத்தை. மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை. காலை எட்டேகாலுக்கு அவளும் இரண்டு பிள்ளைகளும் கிளம்பினால் வீடு புயல் கடந்த மாதிரி கிடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட மாமியார்தான் அந்தச் சாம்பலில் கை வைப்பவர். ஒருநாள் விரலைக் காட்டினார், நுனியெல்லாம் வெடித்திருந்தது. சாம்பல் காரம், அது எண்ணெய்ப் பிசுக்கோடு தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும். 'இயற்கை முறை' என்று எழுதுகிறவர்கள் இந்த விரல்களைப் பற்றி எழுதுவதே இல்லை. இப்போது பாத்திரம் ராத்திரியில் என் வேலை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பீரோவுக்குப் பின்னால்

நாங்கள் வாடகைக்கு இருப்பது சுதந்திரத்துக்கு முன் கட்டிய பழைய வீட்டின் பாதி. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய தடித்த செங்கல் சுவர், உயரமான கூரை, கூடத்தில் ஒரு கணப்பு. வடக்குச் சுவரை ஒட்டினாற்போல் வெட்டி நிறுத்திய மலைச்சரிவு. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் படுக்கையறை; சுவரோடு சுவராக இரும்பு பீரோ. புடவை இருந்தது அதில்தான்.

கல்யாணம் முடிந்து வந்த வாரமே பீரோவை நகர்த்தினோம். எங்கள் கல்யாணத்துக்கு வாங்கியது. உள்ளே வைத்த நாளிலிருந்து அசைத்ததில்லை. பின்னால் சுவர் முழுக்கக் கரும்பச்சையில் மெல்லிய கம்பளி விரித்தது போலப் பூசணம். அதற்கு மேல் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பி, தொட்டால் உரிந்து வந்தது. நான்கு வருடமாகத் தரையை எலுமிச்சைப்புல் மணக்கத் துடைத்துக் கொண்டிருந்தோம். மூன்றடி தள்ளி இது குடியிருந்திருக்கிறது. மகள், எட்டாம் வகுப்பு, எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுவும் இயற்கைதானே?" என்றாள்.

அப்புறம் தொடங்கியது ஒரு யுத்தம். முதலில் வினிகர். ஆப்பசோடாவும் வினிகரும் கலந்து தெளிக்கும்படி பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கலந்தால் நன்றாகப் பொங்கும். ஆனால் பொங்கி முடிந்தபின் பாத்திரத்தில் இருப்பது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் வினிகரை மட்டும் தனியாகத் தெளித்தேன். பெயின்ட் உரிந்த இடங்களில் சுவர் நுரைத்தது. பூசணம் சாகிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த நுரையின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

கோடை வந்து சுவர் காய்ந்தது, மறந்துவிட்டோம். ஐப்பசி மழை பிடித்ததும் அதே இடத்தில் அதே கம்பளி. அடுத்து யூகலிப்டஸ் தைலம். வீட்டுக்குப் பின்னால் நிற்பதே கற்பூர மரங்கள்தான், யூகலிப்டஸுக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. ஆனாலும் தைலம் கடையில்தான் வாங்கினேன். (1840களில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் இது. நீலகிரித் தைலம் என்று ஊர் பெயரை வைத்துக்கொண்டு நாம் விற்கிறோம்.) துணியில் நனைத்துச் சுவரெல்லாம் துடைத்தேன். அன்றிரவு மகன் மூச்சு இழுத்து இழுத்து விட்டான். நெடி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவனைக் கூடத்தில் படுக்க வைத்துவிட்டு, நான் மட்டும் அந்த அறையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலில் 'முற்றிலும் இயற்கையானது' என்று எழுதியிருந்தது. பொய்யில்லை.

மூன்றாவது, வேப்பிலைப் புகை. எங்கள் உயரத்தில் வேம்பு வளராது. அத்தை ஊருக்குப் போய்வரும்போது ஒரு கட்டு கொண்டுவந்தார். சாம்பிராணியோடு சேர்த்துப் போட்டார். வீடு கோயில் மாதிரி மணந்தது. பூசணம் அசையவில்லை.

கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரியும்: "வெயில்ல போடுங்க." மெத்தையில் மூட்டைப்பூச்சியா, அரிசியில் வண்டா, மிளகாயில் பூசணமா, பாயில் வாடையா, வெயிலில் போடு. சமவெளியில் வீடு சுத்தத்தில் பாதி வேலையைச் செய்வது வெயில். அது இலவசமாகத் தினமும் வருவதால் அதை யாரும் ஒரு முறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. பழங்கால இயற்கை முறைகள் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, மொட்டைமாடியும் கத்திரி வெயிலும் இருக்கிற ஊரில் பிறந்தவை. ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஆடி மழை என்றால் எங்களுக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. 2009 நவம்பரில் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததை இங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. மழை விட்டால் மூடுபனி. இதில் குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை. சுவரில் தண்ணீர் இருக்கும், குழாயில் இருக்காது.

என்ன போட்டீங்க, என்ன எடுத்தீங்க

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். இலையில் கை வைக்கும் வேலை இல்லை, ஆனால் இலையின் ஈரம் தினமும் என் பேரேட்டுக்குள் வரும். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதனால்தான் ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலை போனால் ஒரு கிலோ தூள் வருகிறது. மழை நாளில் நனைந்த இலை வந்தால் எடையில் எவ்வளவு கழிப்பது என்பதில் விவசாயிக்கும் எங்களுக்கும் வாய்த்தகராறு வராத வாரம் கிடையாது. எல்லாம் முடிந்து தூளாகும்போது அதில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான். சுருக்கமாகச் சொன்னால் எங்கள் தொழிலே தண்ணீரை வெளியே அனுப்புவதுதான்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி, இலை வரவுச் சீட்டில் ஒரு சந்தேகம் கேட்க இலை வாட்டும் மாடிக்குப் போனேன். நீளநீளத் தொட்டிகளில் இலை பரப்பியிருக்க, அடியிலிருந்து விசிறி காற்றடித்துக் கொண்டிருந்தது. தூள் தயாரிப்பைக் கவனிக்கும் எங்கள் டீமேக்கர் அண்ணன் சுவரில் மாட்டியிருந்த இரட்டை வெப்பமானிக்கு முன் நின்றிருந்தார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழில் நனைந்த துணி சுற்றியிருக்கும். காற்று உலர்ந்திருந்தால் துணியிலிருந்து நீர் வேகமாக ஆவியாகி அந்தக் குமிழ் குளிரும், இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக இடமில்லை, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். வித்தியாசம் குறைந்தால், எவ்வளவு விசிறி போட்டாலும் இலை வாடாது. சூடான காற்றைக் கலந்து விடுவார்கள். பத்து வருடமாக அந்த வெப்பமானியைப் பார்க்கிறேன். ஒருநாளும் அது எனக்கு எதையும் சொன்னதில்லை.

பேச்சுவாக்கில் சுவரைப் பற்றிப் புலம்பினேன். "என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டார். வினிகர், தைலம், வேப்பிலை, சாம்பிராணி, பீரோவுக்குள் கற்பூரம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, போட்டதெல்லாம் சொல்லிட்டீங்க. அங்கேருந்து எதை வெளிய எடுத்தீங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் மேசை அறையிலிருந்து பழைய இரட்டை வெப்பமானி ஒன்றை எடுத்துத் துணியை மாற்றிக் கொடுத்தார். "ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம் பாருங்க."

அன்று இரவு பதினொன்றரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். உலர்ந்தது 16, நனைந்தது 15½. மறுநாள் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அது படுக்கிற ரூம் இல்ல தம்பி, ஃபெர்மென்டிங் ரூம்." அரைத்த இலை நிறம் மாறுவதற்காகப் பரப்பும் அறை அது. காற்றில் ஈரம் 95 சதவீதம் இருக்க வேண்டும் என்று நாங்களே செலவு செய்து தண்ணீரைப் புகையாகத் தெளிக்கிறோம். அதே ஈரத்தை எந்த இயந்திரமும் இல்லாமல் என் மனைவி மக்கள் படுக்கும் அறையில் உண்டாக்கி வைத்திருக்கிறேன். ஈரக் காற்று குளிர்ந்த வடக்குச் சுவரைத் தொடும் இடத்தில் வியர்க்கும். பீரோ மறைத்த இடத்தில் அது காய வழியே இல்லை. நான் பூசணத்தைக் கொன்றுகொண்டே, அதற்குத் தண்ணீரும் ஊற்றிக்கொண்டிருந்தேன். வினிகரிலும் தண்ணீர்தான், துடைத்த துணியிலும் தண்ணீர்தான்.

தண்ணீருக்கு வரவு செலவு எழுதினேன், தெரிந்த தொழில் அதுதானே. மழைக்காலத்தில் துணி காயப்போடுவது அதே அறையில், கட்டிலுக்கு மேல் கொடி கட்டி. ஒருநாள் இயந்திரத்தில் பிழிந்து எடுத்த துணியை எடைபோட்டேன்: 7 கிலோ 300. காய்ந்த பின் 5 கிலோ. மிச்சம் 2 லிட்டர் 300 எங்கே போனது? நாங்கள் மூச்சுவிடும் காற்றுக்குள். அடுத்தது சமையல் கேஸ். இது எனக்கே ஆச்சரியம். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலேயே. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் வந்திருக்கும், குக்கர் விசிலும் குழம்புக் கொதியும் தனி. ஐந்து பேர் குளிக்கும் வெந்நீர், ஐந்து பேர் மூச்சு, வாசலில் சொட்டும் குடைகள். வரவுப் பக்கம் நிரம்பிவிட்டது. செலவுப் பக்கம் ஒன்றுமே இல்லை. குளிருக்காக ஜன்னல்கள் அடைத்திருந்தன. கணப்புக்கு முன்னால் டிவி. அதன் புகைபோக்கியை, குருவி கூடு கட்டுகிறது என்று வீட்டுக்காரர் எப்போதோ தகரம் வைத்து மூடிவிட்டார். பழைய வீட்டைக் கட்டியவன் காற்று வெளியேற ஒரு குழாயே வைத்துத்தான் கொடுத்திருந்தான்.

மூணரை இருக்குதுங்க

மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். சண்டைகள்தான் பெரிதாக இருந்தன. பீரோ உள்சுவருக்கு வந்தது, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. இதனால் மகளின் மேசை இடம் மாறியது. அவள் இரண்டு நாள் பேசவில்லை. தகரத்தை எடுத்து, மழை விழாமல் காற்று மட்டும் போகும்படி ஒரு சாண் உயர்த்திக் குல்லாய் மாதிரி வைத்தோம். துணிக்கொடி கண்ணாடி வராந்தாவுக்குப் போனது. அங்கே காய இரண்டு நாள் ஆகிறது என்பதால் பள்ளிச் சீருடை இன்னொரு செட் வாங்க வேண்டியிருந்தது. 'செலவில்லாத இயற்கை முறை' என்று யாராவது சொன்னால் அந்த ரசீதைக் காட்டுவேன்.

பெரிய தகராறு ஜன்னல். பகலில் பதினொன்றிலிருந்து மூன்று வரை திறக்க வேண்டும் என்றேன். அந்நேரம் வீட்டில் இருப்பது அத்தை மட்டும். "ஏனுங் மாப்பிள்ளை, குளுருல நடுங்கறது நானுங்களா, உங்க செவுருங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதோடு எல்லா நாளும் திறப்பதும் தப்பு. மூடுபனி நாளில் வெளிக்காற்றும் ஈரம்தான், திறந்தால் உள்ளேதான் வரும். அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். வராந்தாவில் வெப்பமானியை மாட்டினேன். வித்தியாசம் மூன்றுக்கு மேல் இருந்தால் திறப்பது, குறைந்தால் சாத்துவது. வெயில் அடித்த ஒரு மத்தியானம் 19-க்கு 15 காட்டியபோது, அறைக்குள்ளிருந்த கட்டிலையே வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டார். ஐந்தாவது வரை படித்தவர். இப்போது அலுவலகத்துக்கு போன் வரும்: "மூணரை இருக்குதுங்க மாப்பிள்ளை, திறந்துட்டனுங்க." பக்கத்து மேசைக்காரர் என் மாமியார் பங்குச் சந்தையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் செய்து சுவர் ஒருவாறு காய்ந்தபின், இந்தப் பங்குனியில் வெள்ளையடிக்க ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். பழைய பிளாஸ்டிக் பெயின்டைச் சுரண்டும்போதே திட்டினார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் கண்டால் விடும். மேலே ரப்பர் மாதிரி பெயின்ட் அடித்தால் வாங்கிய ஈரம் எங்கே போகும், கொப்பளிக்கத்தான் செய்யும் என்றார். ஓரிடத்தில் சுவர் குழிந்திருந்தது. வினிகர் நுரைத்த கதையை அவரிடம் சொன்னேன். சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சார், அது பூசணம் செத்த நுரை இல்ல. செவுரு கரைஞ்ச நுரை." புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும் என்று எனக்குத் தெரியாதா? வருடம் முழுக்கப் புளியை வைத்துப் பித்தளை தேய்க்கிறவன்தானே.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் போட்டதும் அடுப்பில்லாமலே தளபுளவென்று கொதித்தது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கடுங்காரம். பிள்ளைகளை அன்று தெருமுனை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இதுவும் 'இயற்கை'தான், ஆசிட்டுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. வடிகட்டி, ஒரு பிடி உப்பும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மட்டையால் மெல்லிசாக மூன்று தடவை அடித்தார். அடிக்கும்போது தண்ணீர் மாதிரி ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்தேன். காயக் காய வெளுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாகிறது. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் ஊன்றாது. ஈரம் வந்தாலும் உள்ளே அடைபடாது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். மகளுக்கு அதில் இன்னும் கோபம்.

இந்த ஐப்பசியில் மழை சரியாகப் பிடித்துவிட்டது. படுக்கையறை ராத்திரியில் இப்போது இரண்டு, இரண்டரை காட்டுகிறது. மகனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. வளர்ந்ததால் குறைந்ததா, சுவரால் குறைந்ததா என்று நான் சொல்லமாட்டேன். பட்டுப்புடவையை மனைவி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். போன வாரம் கூடத்து மூலையில் எட்டணா அளவுக்குக் கருப்பாக ஒன்று தெரிந்தது. தைலத்தைத் தேடவில்லை. மேலே பார்த்தேன், ஆணியில் மகளின் குடை சொட்டிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு சிக்கல். தொழிற்சாலையில் அடுத்த மாதம் ஸ்டாக் எடுக்கிறார்கள், அந்த வெப்பமானியைத் திருப்பித் தர வேண்டும், பட்டியலில் எழுதுகிறவன் நானே. அத்தையிடம் சொன்னேன். "அதெப்படிங்க, தராம இருக்க முடியாதுங்களா?" என்றார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "புதுசு சரியாக் காட்டுமுங்களா?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.